பாடசாலைக்குள் வந்த வைத்தியர்

சென்ற வருடம் கணிதப் பாடத்தில் தவறியதிலிருந்து என் தம்பி பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரவில் தூங்கமாட்டான். காலையில் பாடசாலை என்றாலே வயிற்றுவலி என்பான். மனநல வைத்தியரிடம் காட்டுவோமா என்று நான் கேட்டபோது, ஊர் என்ன சொல்லும் என்று உம்மா பயந்தார். அந்த நாட்களில்தான் அல்பிரட் அட்லரின் வாழ்க்கையை நான் வாசித்தேன்.

அட்லர் 1870இல் வியன்னா நகரை அடுத்த ஊரொன்றில் தானிய வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். எலும்புகளைப் பலவீனமாக்கும் நோயால் அவர் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி விளையாட முடியவில்லை. சிறு வயதிலேயே தம்பியை மரணத்துக்குப் பறிகொடுத்தார். ஐந்து வயதளவில் நியூமோனியா வந்து அவரும் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அப்போதே தானும் வைத்தியராக வேண்டும் என்று உறுதி கொண்டார்.

பாடசாலையில் அவரும் கணிதத்தில் தவறினார். இவனைச் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர் தந்தைக்கு ஆலோசனை கூறினார். தந்தை அதை ஏற்கவில்லை. மகனைத் தொடர்ந்து படிக்க வைத்தார். அந்த மகன் பின்னர் கணிதத்தில் முன்னேறி, 1895இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

தாழ்வு மனப்பான்மை பற்றி உலகுக்கு விளக்கிய அவர், நூல்களோடு நின்றுவிடவில்லை. முதலாம் உலகப் போர் முடிந்து வியன்னா வறுமையில் வாடிய காலத்தில், பாடசாலைகளிலேயே பிள்ளைகளுக்கான ஆலோசனை நிலையங்களைத் தொடங்கினார். அங்கே பிள்ளையோடு பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்தனர். குற்றவாளி யார் என்று தேடாமல், பிள்ளை எதனால் மனம் தளர்ந்தது என்று ஆராய்ந்தனர். ஏழைப் பிள்ளைக்கும் உதவி கிடைத்தது. ஏறக்குறைய முப்பது நிலையங்கள் இயங்கின. 1934இல் அரசியல் மாற்றத்தால் அவை மூடப்பட்டன. 1937இல் விரிவுரைகள் ஆற்ற ஸ்கொட்லாந்து சென்றிருந்த அட்லர், அபர்டீன் நகரில் காலமானார்.

இதையெல்லாம் ஒரு நாள் உம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் தம்பியை அழைத்துக்கொண்டு, அவனது பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடம் போனார். அவரது வழிகாட்டலில் வைத்தியரிடமும் காட்டினோம். தம்பி இன்னும் முழுமையாகத் தேறவில்லை. ஆனாலும் இப்போது தூங்குகிறான், பாடசாலைக்கும் போகிறான்.

பெற்றோரே, காய்ச்சல் வந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் போகிறோம். பிள்ளையின் மனம் வாடும்போது மட்டும் ஏன் கதவை மூடிக்கொள்கிறோம்?