இடக்கை வல்லான்

ஆமூர் மல்லனைப் பொருது வென்ற நற்கிள்ளியை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் எனக்கு அங்கேரி நாட்டு லாஸ்லோ பாப் நினைவுக்கு வருகின்றார்.

புடாபெஸ்ற் நகரில் 1926ஆம் ஆண்டு பிறந்த இக்குத்துச்சண்டை வீரரின் வலிமை முழுவதும் இடக்கையிலே இருந்தது. இடக்கையால் எழுதிய சிறாரை நான் கண்டித்த காலமும் உண்டு. இன்று அதற்கு நாணுகின்றேன். 1948இல் இலண்டனிலும், 1952இல் ஹெல்சிங்கியிலும், 1956இல் மெல்பேணிலும் பாப் ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்றார். குத்துச்சண்டையில் மும்முறை இப்பேறு எய்திய முதல்வர் இவரே. மூன்றாம் முறை இவர் களம் புகுந்தபோது, தாயகத்தில் எழுந்த மக்கட் கிளர்ச்சியைச் சோவியத்துப் படைகள் ஒடுக்கியிருந்தன. உடன்சென்ற வீரர் பலர் நாடு திரும்பிலர், பாப் திரும்பினார்.

பொருள் பெற்றுப் பொருதல் பொதுவுடைமை அரசுக்கு ஒவ்வாத செயல். எனினும், 1957இல் இவருக்குச் சிறப்பனுமதி கிடைத்தது. அப்பொழுது வயதோ 31. கைகளோ அடிக்கடி நோவுற்றன. அயல்நாடாகிய ஒஸ்திரியாவின் வியன்னாவிற் பயின்று, 1962இல் ஐரோப்பிய நடுத்தர எடைப் பட்டத்தைக் கைக்கொண்டார். எஞ்சியது உலகப் பட்டம் ஒன்றே. அதற்குப் பொரும் வாய்ப்பு நெருங்கிய வேளை, 1965இல், அரசு தன் அனுமதியை மீட்டுக்கொண்டது. தொழில்முறையில் ஆடிய போட்டிகள் 29. வெற்றி 27, சமநிலை 2. தோல்வி என்பதை அவர் அங்கு அறிந்திலர்.

மெல்பேண் இறுதிப் போட்டியில் இவரிடம் தோற்ற ஹொசே ரொறெஸ், அதே 1965இல், வேறோர் எடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். பாப் தம் நாட்டு அணிக்குப் பயிற்றுநராகிப் பல்லாண்டு பணியாற்றி, 2003இல் புடாபெஸ்றிலேயே காலமானார்.