சீனி ஆலைக்குள் இருக்கும் கறுப்பினப் பொறியாளரின் மூளை: யார் இந்த நார்பர்ட் ரில்லியூ?

அலங்காநல்லூர் என்றதும் ஜல்லிக்கட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா சுற்றுவட்டார கரும்பு விவசாயிகளுக்கு அது கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அரவை நின்றுபோன அந்த ஆலையைத் திறக்கச் சொல்லி அவர்கள் போராடி வருகிறார்கள். இப்படிப்பட்ட ஆலைகளில் கரும்புச்சாறு சீனியாக மணி கட்ட வழி செய்தவர்களில் முக்கியமானவர், நார்பர்ட் ரில்லியூ.

1806-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரர். அம்மா, அடிமையாக இல்லாத கறுப்பினக் கலப்புப் பெண். இவங்க கல்யாணம் செய்துகொள்ள அன்றைய சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் மகனை பாரிஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார் அப்பா. 24 வயதிலேயே அங்கு பொறியியல் கல்லூரியில் ஆசிரியர் ஆனார் ரில்லியூ.

சரி, அப்போ சீனி எப்படிக் காய்ச்சினாங்க? வரிசையாகத் திறந்த கொப்பரைகள். கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பையால் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு அள்ளி ஊற்றணும். ஊற்றியவர்கள் அடிமைகள். நம்மூர் வெல்லக் கொட்டகையில் நின்றவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். பாகு கருகும், விறகு தீரும், கை வேகும்.

காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும். இதை வைத்து வெற்றிடக் கலனில் பாகு காய்ச்சும் முறை ஏற்கெனவே வந்திருந்தது. ரில்லியூ ஒரு படி மேலே போனார். முதல் கலனில் கிளம்பும் நீராவியை வீணாக்காமல், அழுத்தம் இன்னும் குறைவான அடுத்த கலனைச் சூடாக்க அனுப்பினார். அங்கிருந்து வரும் ஆவி மூன்றாவது கலனுக்கு. ஒரே நெருப்பில் மூன்று கொதி! 1843, 1846-ல் காப்புரிமை கிடைத்தது.

இப்படிக் கெட்டியாகும் பாகுதான் பிறகு மணி கட்டும். கிண்டிக்கொண்டே மெதுவாக ஆறவிட்டால் இருக்கிற மணிகள் பெருக்கும். சட்டென்று குளிர வைத்தால் புதுசு புதுசாகப் பொடிமணிதான் விழும்.

லூசியானா தோட்ட முதலாளிகளுக்கு விறகு மிச்சம், சீனி வெள்ளை. இயந்திரம் மாட்ட வந்தவரைத் தங்கள் வீட்டு விருந்தாளியாக நடத்த மட்டும் மனசு வரல. கொப்பரைக் கூடத்தில் கை வேகாமல் அந்த இயந்திரம் காத்தது உண்மை. ஆனா அடிமை முறையை அது அசைக்கவே இல்லை. அதை வாங்கியதே அடிமைகளை வைத்திருந்தவர்கள்தானே.

கறுப்பினத்தவர் மீதான கெடுபிடிகள் இறுகின. உள்நாட்டுப் போருக்கு முன்பே ரில்லியூ பிரான்ஸ் திரும்பிவிட்டார். அங்கே சில காலம் எகிப்தின் பழைய சித்திர எழுத்துகளைப் படிப்பதில் மூழ்கினார். ஓவியர் எட்கர் டெகா இவருக்குச் சொந்தக்காரர். வயசான பிறகும் விடல, 1881-ல் பீட்ரூட் சீனிக்கு ஒரு காப்புரிமை வாங்கினார்.

1894 அக்டோபரில், 88 வயதில் பாரிஸில் இறந்தார். அவர் வகுத்த அதே முறையில்தான் இன்று சீனி ஆலைகள் சாற்றைச் சுண்ட வைக்கின்றன. பால் பவுடர் ஆலைகளும், கடல்நீரைக் குடிநீராக்கும் சில ஆலைகளும் அதே வழியில்தான் ஓடுகின்றன.