பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்

படிப்பாரற்ற சுவடி செல்லுக்கு இரையாகும். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் அவ்வாறே முழுமையாக நம் கைக்கு வாராது போயின. நீலகேசிக்கும் அந்நிலை நேராவண்ணம் காத்த பெருமகனார் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் ஆவார்.

1880ஆம் ஆண்டு தமிழ்ச் சமணக் குடியில் தோன்றிய இவர், ஆங்கிலக் கல்வி பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் அமர்ந்தார். பின்னர்க் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார்.

கல்லூரிப் பணிக்குத் துணைநின்ற ஆங்கிலத்தையே இவர் தம் சமயப் பணிக்கும் கருவியாக்கிக் கொண்டார். பிராகிருதமோ பழந்தமிழோ அறியாதாரும் சமணக் கொள்கையை நேரே கற்றுணர வேண்டும் என்பதே இவர்தம் நோக்கம். 1920இல் குந்தகுந்தாசாரியாரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கமும் வரைந்தார். அவ்வாசாரியாரின் சமயசாரம் 1950இல் இவர்தம் ஆங்கில உரையுடன் வெளிவந்தது.

1936இல் நீலகேசியைச் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு பதிப்பித்து, விரிவான ஆங்கில முன்னுரையும் சேர்த்தார். பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம் முதலிய பிற சமயங்களோடு நீலகேசி நிகழ்த்தும் வாதங்களைப் பத்துச் சருக்கங்களில் கூறும் நூல் அது. மறைந்த குண்டலகேசியின் கருத்துகளை ஓரளவேனும் இன்று அறிய அவ்வுரை உதவுகின்றது. மறுக்க எழுந்த நூலே மறுக்கப்பட்ட நூலின் நினைவையும் காத்தது வியப்பிற்குரியது.

தமிழிலுள்ள சமண இலக்கியங்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1941இல் வெளியிட்டார். 1953இல் திருக்குறளை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் வெளிக்கொணர்ந்தார். குறளாசிரியர் ஏலாசாரியரென வழங்கும் குந்தகுந்தரே என்பது இவர் துணிபு. அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். ஆயினும், கடவுள் வாழ்த்தையும் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் சமண நோக்கில் ஆராயாமல் குறளைக் கற்றல் நிறைவாகாது என்பதை இவர்தம் எழுத்து உணர்த்திற்று.

1960இல் இவர் மறைந்தார். சில இல்லங்களின் சுவடிக் கட்டுகளில் உறங்கிய நூல்கள் இவரால் அச்சேறி நூலகங்களை அடைந்தன. எனினும், அச்சேறிய நூலும் படிப்பாரின்றேல் சுவடியைப் போன்றதே. நம் இல்லத்துப் பிள்ளைகள் நீலகேசியின் ஒரு சருக்கத்தையேனும் பொருளுணர்ந்து பயிலுமாறு செய்வோமாயின், அதுவே இப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.