குரல் போன ஆசிரியரும் ஓர் அச்சு இயந்திரமும்

குழுவாகச் செய்யும்படி ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மாணவர்களே, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு படிவம் இரண்டில் ஐவர் கொண்ட ஒரு குழுவில், ஒரு மாணவியே இரவெல்லாம் விழித்து முழுவதையும் எழுதினாள். மற்ற நால்வரும் பெயரை மட்டும் எழுதினார்கள். ஐவருக்கும் ஒரே புள்ளிகளைக் கொடுத்தேன். அடுத்த முறை தனியாகச் செய்ய அனுமதிப்பீர்களா என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் செலஸ்டன் ஃபிரேனேயின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

அவர் 1896-இல் தென் பிரான்சின் கார்ஸ் என்ற மலைக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சியின் நடுவே முதலாம் உலகப்போர் வந்தது. 1917-இல் போர்முனையில் பட்ட காயம் அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது. 1920-இல் பார்-சுர்-லூ என்ற சிற்றூரின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு, நீண்ட நேரம் உரக்கப் பேச மூச்சு போதவில்லை.

குரல் இல்லாத ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். திரும்பி வந்ததும் கண்டதை எழுதச் சொன்னார். சில ஆண்டுகளில் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியவற்றை வாசிப்பார்கள். எதை அச்சிடுவது என்று வாக்களிப்பார்கள். தேர்ந்தெடுத்ததைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்துவார்கள். பிறகு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். அவை கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக இருக்கும். ஒருவர் கோக்க, ஒருவர் மை தடவ, ஒருவர் தாள் வைக்க, இன்னொருவர் எடுத்து உலர்த்துவார். பெயரை மட்டும் எழுதிவிட்டு நழுவ அங்கே இடமில்லை. எனக்கு உறைத்தது இதுதான்: நான் ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையைக் கொடுத்துவிட்டு அதற்குக் குழுப்பணி என்று பெயர் வைத்திருந்தேன்.

அச்சிட்ட தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரெத்தாஞ் கடற்கரையில் இருந்த இன்னொரு பள்ளிக்குப் போயின, அங்கிருந்தும் வந்தன. முகம் தெரியாத தோழர்கள் வாசிக்கப் போகிறார்கள் என்றால் எழுத்துப்பிழை வெட்கமாக இருக்காதா?

எல்லாம் இனிமையாக முடியவில்லை. அடுத்து அவர் பணியாற்றிய சென்-போல் ஊரில் ஒரு மாணவன் தன் கனவை எழுதினான்: பள்ளிப் பொருள்கள் தர மறுத்த மேயருக்கு எதிராக வகுப்பே கிளர்ந்தெழுகிறது. அது அச்சானதும் ஊரில் புயல் கிளம்பியது. ஃபிரேனேக்கு எதிராகச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள்; 1933-இல் அவர் அந்தப் பள்ளியை விட்டுப் போக நேர்ந்தது. மனைவி எலீஸுடன் வான்ஸ் ஊரில் சொந்தப் பள்ளியைக் கட்டி 1935-இல் திறந்தார். 1940-இல் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். விடுதலையாகிப் போர் முடிந்ததும் மீண்டும் அந்தப் பள்ளிக்கே வந்தார். 1966-இல் வான்ஸில் காலமானார்.

அவர் கற்பித்தது சிறுவர்களுக்கு, அதுவும் பிரெஞ்சு. என் மாணவர்களுக்கோ ஆங்கிலம் வீட்டில் புழங்காத மொழி. இருந்தாலும் இவ்வாண்டு நான்கு பக்க ஆங்கில இதழ் ஒன்றைத் தயாரித்து வேறு மாநிலப் பள்ளிக்கு அனுப்பினோம். அந்த மாணவி பிழைதிருத்தும் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். சென்ற வாரம் பதில் வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் புரியவில்லையாம். அதை எழுதியவன், சென்ற ஆண்டு பெயரை மட்டும் எழுதிய நால்வரில் ஒருவன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குக்கூடப் போகாமல் அவளிடம் வினைச்சொல்லைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தான்.