பனிக்கட்டியில் பாடம் படித்தவர்

மார்கழி வந்தா வெள்ளிமலைப் பனிக்கே கம்பளி தேடுறோம். மைனஸ் 60 டிகிரி குளிரில், இருட்டில், பறவை முட்டை தேடிப் போனவர் எட்வர்ட் வில்சன்.

1872-இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். காசநோய் வந்து தேறினார். 1901-இலும் 1910-இலும் கேப்டன் ஸ்காட்டுடன் அண்டார்டிகா புறப்பட்டார்.

அங்கே எம்பரர் பென்குயின் குளிர்காலத்தில்தான் முட்டையிடும். கூடு கிடையாது. ஆண் பறவை முட்டையைக் கால்மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, இரண்டு மாதம் பட்டினியாக அடைகாக்கும். கூட்டமாக ஒட்டி நின்று, இடம் மாறி மாறிச் சூட்டைக் காக்கும். நாம படிக்கிற 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' அதுக்கு உடம்போடவே இருக்கு!

பறவை இனம் தோன்றிய கதை கருவில் தெரியும் என்று நம்பிய வில்சன், 1911-இல் இரு தோழர்களுடன் ஐந்து வாரப் பயணம் போய் மூன்று முட்டைகள் கொண்டுவந்தார். அவை எதிர்பார்த்த விடையைத் தரவில்லை.

1912 ஜனவரியில் தென்துருவம் அடைந்தவர், திரும்பும் வழியில் பசியிலும் குளிரிலும் 39 வயதில் இறந்தார். கடைசிவரை 16 கிலோ கற்களை அவர்கள் வீசி எறியவில்லை. அதில் இருந்த கிளாசாப்டெரிஸ் இலைப் படிமம், பனிக்கண்டத்தில் ஒருகாலத்தில் காடு இருந்ததைக் காட்டியது. நம் நாட்டு நிலக்கரிப் பாறைகளிலும் அதே இலை உண்டு.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். தேடினது கிடைக்கலேன்னாலும் தேடல் வீணாகாது என்பதை இவரிடம் கற்றேன்.