கலைவாணரின் தேட்டம்

நம் உடுமலைக் கவிராயர் நாராயணகவியை நினைக்குந்தோறும் கலைவாணரும் உடன் வருவார். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் எளிய குடியிற் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், நாடகமேடையிலிருந்து 'மேனகா' (1935) வழியே திரைக்கு வந்தார். மதுரத்தோடு இணைந்து நடித்துப் பெரும்பொருள் ஈட்டினார், கேட்டவர்க்கெல்லாம் வழங்கினார். 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947இல் விடுதலை பெறுமுன் தேட்டம் பெரிதும் கரைந்துபோயிற்று.

ஆயினும் முடங்கினாரில்லை. 'நல்லதம்பி'யில் (1949) கவிராயர் ஆக்கிய கிந்தனார் கதையைக் காலட்சேபமாக நிகழ்த்தி, ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதை நாட்டார்க்குக் காட்டினார். 'மணமகள்' (1951), 'பணம்' (1952) இரண்டையும் இயக்கினார். பின்னதன் பெயரைப் பாருங்கள்! அப்பொருள் மட்டும் அவர் கையில் தங்கவேயில்லை. ஊதாரித்தனம் என்பாருமுண்டு; அவ்வாறு சொல்ல எமக்கு நா எழவில்லை. 1957 ஆகஸ்ட் 30இல், நாற்பத்தெட்டே வயதில் மறைந்தபோது, குடும்பத்தார்க்கு அவர் வைத்துச் சென்ற செல்வம் சொற்பமே.