நோயறிந்த மருத்துவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

வணக்கத்தில் மனம் பொருந்தாது தவிக்கும் முஸ்லிமைக் கடிந்துரைத்தல் எளிது. அத்தவிப்பைத் தாமும் பட்டுணர்ந்து மருந்து தேடுதல் அரிது. அவ்வரிய பணியை ஆற்றியவர்கள், 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' எனப் போற்றப்பெறும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

கி.பி. 1058இல் குராசான் நாட்டுத் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், இளமையிலேயே தந்தையை இழந்தார்கள். நைசாப்பூரில் இமாம் ஜுவைனியிடம் பயின்றார்கள். 1091இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாது நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் பேராசிரியராக அமர்த்தினார். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடங்கேட்டனர்.

புகழின் உச்சியில்தான் சோதனை வந்தது. தமது போதனை இறைவனுக்காகவா, பெயருக்காகவா என உள்ளம் வினவிற்று. 1095இல் பாடஞ்சொல்ல நா எழவில்லை; உணவும் இறங்கவில்லை. இஃது உள்ளத்து நோயென்று மருத்துவர்கள் கைவிரித்தனர். குடும்பத்திற்கு வேண்டியதை ஒதுக்கி, எஞ்சிய பொருளை வழங்கிவிட்டுப் பக்தாதை நீங்கினார்கள். திமிஷ்கு, பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா எனப் பயணம் நீண்டது. தனிமையில் கழிந்த அவ்வாண்டுகளில் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் உருப்பெற்றது.

பின்னர் அவர்கள் செய்த செயல் நம் கருத்துக்குரியது. மார்க்கக் கடமைகளில் பின்தங்கியோரை ஒவ்வொருவராகச் சந்தித்து, தடுப்பது எதுவெனக் கேட்டறிந்தார்கள். தத்துவக் குழப்பத்தால் தளர்ந்தவர் சிலர். மார்க்க அறிஞர்களே தொழாமலும் அநாதைகளின் பொருளை உண்டும் வாழக் கண்டு நம்பிக்கை குலைந்தவர் சிலர். இமாமவர்கள் தவறைத் தவறென்றே கூறினார்கள். எனினும், மருத்துவரே நோயுற்றால் நோயாளர் என்செய்வர் என வருந்தினார்கள். அவ்வருத்தமும், ஆட்சியாளரின் அழைப்பும் சேர்ந்து, 1106இல் அவர்களை மீண்டும் நைசாப்பூரில் பாடஞ்சொல்ல வைத்தன.

ஆசிரியர் மாணவரிடம் தந்தையெனப் பரிவு காட்டவேண்டும். குறையை வெளிப்படையாக இடித்துரையாமல் குறிப்பால் உணர்த்தித் திருத்தவேண்டும் என்பது 'இஹ்யா' காட்டும் நெறி. கலிமாவை ஏற்றுக் கிப்லாவை நோக்குவோரை அவசரப்பட்டுக் காஃபிர் எனத் தீர்ப்பளித்தலும் ஆகாது என்று வேறொரு நூலில் எச்சரித்தார்கள். 1111இல் பிறந்த ஊரிலேயே இறையடி சேர்ந்தார்கள்.

பாங்கோசை கேட்டும் ஒதுங்கிச் செல்லும் மாணவனை நாமும் காண்கிறோம். அவனை அதட்டுமுன், அவனைத் தடுப்பது எதுவெனக் கேட்போம். அது நம் நடத்தையாகவே இருப்பின், முதலில் மருந்துண்ண வேண்டியவர் ஆசிரியராகிய நாமே.